திங்கட்கிழமை மட்டும் நீலம்

சர்க்கரை நோய்ப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு, என் வேலைக் காலத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பிள்ளைகளே, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, எந்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் கையடக்க மிஷின் கிடையாது. சிறுநீரைக் காய்ச்சி நிறம் பார்த்தோம். ஆகவே அந்தச் சமாச்சாரத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பயந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் ஒருவரை நான் பயமுறுத்திய கதையையும் எழுதியாக வேண்டும்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். தொழிலாளர்களுக்கு என்று ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்பிரிட் விளக்கு, நான். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் என் ராஜ்யம். எனக்கு வயது இருபத்தாறு. அந்த வயதில் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நின்றால், தெரியாததும் தெரிந்த மாதிரி இருக்கும்.

கலியபெருமாள் அங்கே பெரிய சூளையின் நெருப்புக்காரர். நாற்பத்தைந்து வயது, முரட்டு உடம்பு, அதிகம் பேசமாட்டார். சூளைச் சுவரில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உள்ளே தெரியும் நிறத்தை வைத்தே சூடு போதுமா, இன்னும் கரி போட வேண்டுமா என்று சொல்லிவிடுவார். அவர் கண் ஒருநாள் தப்பினால் உள்ளே அடுக்கியிருக்கும் சாமான் அத்தனையும் கோணிப்போகும். அதனால் மேனேஜர்கூட அவரை 'வாய்யா' என்று கூப்பிடமாட்டார், 'வாங்க' என்பார்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலில் புண் என்று வந்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தீக்காயம், ஒரு மாதமாக ஆறவில்லையாம். கரித்துண்டு மேலே விழுந்ததே தெரியவில்லை என்றார். சர்க்கரையோ என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னேன். சோதனைக் குழாயில் இருக்கும் மருந்து நீலமாக இருக்கும். அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏற ஏறச் சர்க்கரை அதிகம். அவருடையது விளக்கில் காட்டிய கொஞ்ச நேரத்திலேயே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

இங்கேதான் நான் என் முதல் தப்பைச் செய்தேன். பயிற்சிக் காலத்தில் என் வார்டில் ஒருவருக்குச் சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அதை அப்படியே கலியபெருமாளிடம் சொன்னேன். வாசனை முதற்கொண்டு சொன்னேன். எந்த இடத்தில் எடுப்பார்கள் என்று அவர் காலிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அந்த மனுஷன் சூளை வாயில் நிற்கும்போதுகூட அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"காலு போயிடுமா சிஸ்டரம்மா?"

"நான் சொல்ற மாதிரி நடந்துக்கலைன்னா போயிடும்ணே."

"அப்ப நீங்க சொல்ற மாதிரியே நடந்துக்கறேன். ஆனா ஒண்ணு. இது வெளிய தெரியக் கூடாது. சீக்காளின்னு தெரிஞ்சா சூளைப் பக்கம் வுடமாட்டாங்க, களிமண்ணு மிதிக்க அனுப்பிடுவாங்க. எங்க வூட்லயும் சொல்லாதீங்க. அவ தாங்கமாட்டா."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது நம் கடமைதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் 'வீட்டிலாவது சொல்லலாமே அண்ணே' என்று அவரிடம் இரண்டாவது தடவை பேசிப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் என் பங்குக்குப் பயிற்சி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த டைப் அடித்த பட்டியலைக் கொடுத்தேன். ஓட்ஸ், ரொட்டி, ஆடை நீக்கிய பால், ஒரு ஆப்பிள். தினமும் மூன்று மைல் நடை. சாதம், வெல்லம், வாழைப்பழம் எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. அரிசிச் சோறு சாப்பிடத்தான் கூழ் குடித்த ஊரை விட்டு அவர் கம்பெனி வேலைக்கு வந்தார் என்பதும், பேட்டையில் ஆப்பிள் எங்கே விற்கிறது என்பதும் என் பட்டியலில் இல்லை.

வெல்லம் வேறு பெரிய வம்பு. தூசியில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனியில் தினம் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் படிந்த தூசியை அது இறக்கிவிடும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. வெல்லம் தின்றால் கால் போகும், தின்னாவிட்டால் நெஞ்சு போகும் என்று அவர் நடுவில் மாட்டிக்கொண்டார். அதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்குச் சோதனை என்று வைத்தேன். செவ்வாய் டாக்டர் வரும்போது கணக்காக நோட்டைக் காட்டலாமே. முதல் வாரம் சிவப்பு. அடுத்தது ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், பச்சை. ஐந்தாவது வாரத்தில் நீலம்! எனக்கு நிலைகொள்ளவில்லை. "பாத்தீங்களா அண்ணே, எப்படி இருக்குன்னு!" என்று குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவரும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சூளை ஓட்டையில் பார்ப்பதுபோலவே பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த வாரமும் நீலம். அதற்கடுத்த வாரமும் நீலம்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "வீட்டில சமையல் யாரு?" என்று கேட்டார்.

"மனைவி சார்."

"பாத்துப் பேசினியா?"

"இல்ல சார். அதான் நீலம் வந்துடுச்சே."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். கொஞ்சம் திட்டியிருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்கும்.

புத்தி வர வேறு காரணங்களும் கண்ணெதிரே இருந்தன. கலியபெருமாளின் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. திங்கட்கிழமைகளில் குழாயை வாங்கும்போது விரல் நடுங்கும். காலில் இருந்த புண் மட்டும் அப்படியே இருந்தது. சர்க்கரை இல்லாத உடம்பில் புண் ஏன் ஆறவில்லை என்று நான் ஒருதரம்கூட யோசிக்கவில்லை. நோட்டில் நீலம் என்று எழுதுவதில் அத்தனை சந்தோஷம் எனக்கு.

வைகாசி மாதம், திங்கட்கிழமை. எட்டு மணிக்கு நீலம் பார்த்து அனுப்பியிருந்தேன். பதினொன்றரை இருக்கும், சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"சிஸ்டர், உங்க கலியபெருமாளு குடிச்சிட்டு வந்து ரகளை பண்றாரு. வந்து பாத்து எழுதிக் குடுங்க, இன்னையோட வெளிய அனுப்பிடறேன்."

ஓடினேன். சூளைக்கு முன்னால் இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. "தொறங்கடா, தொறங்கடா" என்று சொல்லிக்கொண்டே வெறுங்கையால் சூளையின் இரும்புக் கதவைப் பிடிக்கப் பாய்ந்தார். கதவு உள்ளே இருந்த நெருப்பில் சிவந்து கிடந்தது. இன்னும் ஒரு முழம்தான். பிடித்திருந்தவர்களில் ஒருவர் கை நழுவினால் அவ்வளவுதான்.

இழுத்து வந்து கரிக்கொட்டகைப் பக்கம் உட்கார வைத்தோம். வாயருகே குனிந்து முகர்ந்தேன். சாராய வாடை துளியும் இல்லை. உடம்பு சில்லென்று இருந்தது. அந்த வெக்கையில் சில்லென்று இருந்தது! சர்க்கரை ஏறினாலும் மயக்கம் வரும், இறங்கினாலும் மயக்கம் வரும் என்று படித்திருந்தேன். எது எப்படி இருக்கும் என்பதும் படித்ததுதான். பயத்தில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். ரயில்வே கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி நிற்கிறது என்று போன வேகத்தில் திரும்பி வந்தான்.

இனிப்பு கொடுக்கலாம் என்று உள்ளே ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் மூன்று மாதமாக அந்த மனுஷனிடம் இனிப்பு விஷம், விஷம் என்று சொன்னவள் நான். என் வாயால் சொன்னதையே என் கை நம்பிவிட்டது. கொடுத்து, அவர் என் கையிலேயே போய்விட்டால்? கொடுக்காமல் போய்விட்டால்? யாரோ கொடுத்த வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரத்தில் கம்பெனி கேட்டில் சாப்பாட்டுக் கேரியரோடு அவர் மனைவி அஞ்சலை வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கேரியரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த அம்மாவை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"அய்யோ, நான் சொன்னேனே! வயித்துக்கு ஒண்ணும் இல்லாம நெருப்புல நிக்காதீங்கன்னு சொன்னேனே!"

"என்னக்கா சொல்றீங்க? சாப்பிடலையா?"

"சனிக்கிழம மத்தியானம் சாப்புட்டதுதான் சிஸ்டரம்மா. சனி ராத்திரி பெருமாளுக்கு விரதமாம், ஞாயிறு சூரியனுக்காம், திங்கக்கெழம சிவனுக்காம். பச்சத் தண்ணிதான் குடிக்கறாரு. நேத்து வேற அந்த வெறும் வயித்தோட மங்கலம்பேட்ட ரோட்டுல பாதி தூரம் நடந்துட்டு வந்தாரு."

"எத்தனை வாரமா?"

"ரெண்டு மாசமா இதேதான். திங்கக்கெழம பத்து மணிக்கு மேல வெல்லம், பழம், சோறுன்னு பூந்து வெளையாடுவாரு. இன்னிக்கு அதுக்குள்ள கதவாண்ட கூப்புட்டுட்டாங்க போலருக்கு."

இரண்டு மாதத்து நீலமும் ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. சூளைக்காரருக்கு நிறம்தான் உத்தரவு. எப்பாடு பட்டாவது சொன்ன நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். நான் திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீலம் கேட்டேன், அவர் கொடுத்தார்.

கம்பெனி வெல்ல டப்பாவிலிருந்து ஒரு உருண்டை எடுத்து வெந்நீரில் கரைத்தேன். முதலில் ஒரு ஸ்பூன். விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். பாதி அவர் மார்பில் சிந்தியது. அஞ்சலை தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்துக் கலியபெருமாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நீ எதுக்குடி உள்ள வந்த?"

நான் அந்தக் கரித்தூளிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெள்ளைச் சேலையெல்லாம் கரி.

ரயில்வே கேட் திறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டிருக்கிறார். அதன் வேகம் மறுபடி சர்க்கரையை இறக்கலாம் என்று இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். வராந்தாவில் அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்தேன் சிஸ்டரம்மா. போன வாரமே."

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் நம் குறையைக் கோர்ட்டில் கொடுப்பதுபோல மனுவாக எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரிக்கும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

"என்னன்னு எழுதினீங்க?"

"எங்க வூட்டுக்காரரச் சாப்புட வுடாமப் பண்ணது யாருன்னு தெரியல. யாரா இருந்தாலும் நீதான் கேக்கணும்னு எழுதச் சொன்னேன். எவளோ மருந்து வெச்சுட்டான்னு நெனச்சேன். நல்லாத் தின்ன மனுசன் சிஸ்டரம்மா."

நான் கிறிஸ்தவப் பெண். தினமும் ஜெபம் செய்கிறவள். இருந்தாலும் சொல்கிறேன், அந்தப் பிராதுக்கு நான் நடுங்கினேன். எதிராளி நான்தானே. கலியபெருமாளிடம் போய் அனுமதி கேட்டேன். படுத்தபடியே தலையை ஆட்டினார். திரும்பி வந்து அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை, கால், கோடு போட்டுக் காட்டியது, பட்டியல், ரகசியம், எல்லாவற்றையும்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"அரிசி களையறது நானு. கொழம்பு வெக்கறது நானு. அந்த நோயிக்கு மூணு மாசமா சோறு போட்டவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, ரெண்டு பேரும்."

அடுத்த நாள் டாக்டரிடமும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், "பயங்காட்டினா மாத்திரை சாப்பிடுவான். அதே பயத்துல பொய்யும் சொல்லுவான். நீ ரெண்டாவதை எதிர்பார்க்கல" என்றார். மேனேஜரிடம் அவரே போய்ப் பேசினார். சூளையில் தனியாக நிற்கக் கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கலியபெருமாளின் வேலை தப்பியது.

அதற்குப் பிறகுதான் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டியவள். பட்டியலைப் படித்துக் காட்டச் சொன்னார் அஞ்சலை. ஆப்பிள் வந்ததும் சிரித்துவிட்டார். நான் அதைக் கிழித்துப் போட்டேன்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லாதீங்க சிஸ்டரம்மா. மொத்தமா சொன்னா மொத்தமா வுட்டுடுவாரு. வாரத்துக்கு ஒண்ணுதான்."

முதல் வாரம் தட்டு மட்டும் மாறியது. கம்பெனியில் ஓரம் கோணிப்போனது என்று ஒதுக்கிய சின்னப் பீங்கான் தட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பாதிக்குச் சோறு, பாதிக்குக் கீரையோ அவரையோ. இரண்டாவது தடவை கேட்டால் கீரைதான் வரும். அடுத்த வாரம் நடை. மூன்று மைலும் வேண்டாம், மங்கலம்பேட்டை ரோடும் வேண்டாம். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் ஜங்ஷன் வரைக்கும் போய், ஒரு ரயில் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். பெண்டாட்டியோடு சேர்ந்து நடந்தால் ஊர் சிரிக்கும் என்று கலியபெருமாள் பத்தடி முன்னால் நடப்பாராம். மூன்றாவது வாரம் வெல்லத்துக்குப் பதில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பு. அதற்கு மட்டும் சண்டை நடந்தது. வாரம் ஒருநாள் இரவு கேழ்வரகு என்று பிற்பாடு வந்தது. அவரே கேட்டது அது.

என் பக்கத்தில் நான் மாற்றியது ஒன்றுதான். சோதனைக்குக் கிழமை கிடையாது. சாப்பிட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம். நீலத்துக்குப் பாராட்டும் கிடையாது, சிவப்புக்குத் திட்டும் கிடையாது. கேட்க எளிது பிள்ளைகளே. நீலம் போய்ப் பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சும் வர ஆரம்பித்தபோது பழைய பயம் எனக்குத் திரும்பி வந்தது. அவர் காலை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைத்துப் பார்ப்பேன். புண் ஓரம் கறுக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்ப்பேன். காலைப் பற்றிப் பேச வாய் வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன். ஆடி பாதியில்தான் புண் மூட ஆரம்பித்தது.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. கலியபெருமாள் அவராகவே வந்து நின்றார். குழாயை விளக்கில் காட்டினேன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாவற்றையும் தாண்டிச் செங்கல் நிறத்தில் போய் நின்றது. மாசி மாதத்தில் பார்த்த அதே நிறம்.

"செங்கல்லுதான சிஸ்டரம்மா? தெரியும். நேத்து பெண்ணாடத்துல மச்சினி பொண்ணு கல்யாணம். ரெண்டு பந்தியில உக்காந்துட்டேன். ஜாங்கிரி மூணு. காலையில சாப்புட்டுட்டுத்தான் வரேன். இன்னிக்கு ஒருநாள் பட்டினி கெடந்துட்டு நாளைக்கு வரலாமான்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் வேணாம்னு வந்துட்டேன்."

நோட்டை எடுத்து, சிவப்பு என்று எழுதினேன்.

வாசலில் அஞ்சலை நின்றார், கையில் ஒரு வெள்ளைத் தாளோடு.

"இதுல எழுதிக் குடுங்க சிஸ்டரம்மா. பிராத வாபஸ் வாங்கப் போறோம்."

"இன்னிக்காக்கா? இன்னிக்குச் சிவப்பு."

"அதனாலதான் இன்னிக்கு. ராத்திரியே எங்கிட்ட சொல்லிட்டாரு, இன்னிக்கு உங்ககிட்டயும் சொல்லிட்டாரு. எனக்கு அது போதும். எழுதுங்க. எங்க வூட்டுக்காரரச் சாப்புட வுடாமப் பண்ணது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே விசாரிக்க வேணாம்."

எழுதினேன். "பேரு போடணுமா அக்கா?"

"போடுங்க. சாமிக்குத் தெரிய வேணாமா?"

என் பெயரை நானே என் கையால் முழுசாக எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அஞ்சலை கிளம்பினார். மணவாளநல்லூர் ரோட்டில் இருவரும் போவதை வாசலில் நின்று பார்த்தேன். பத்தடி இடைவெளி இரண்டடிக்கு வந்திருந்தது. ஓய்வு பெற்று வெகு காலம் வரைக்கும் கலியபெருமாள் தன் இரண்டு காலாலும்தான் நடந்தார்.

அன்று அவர்கள் மறைந்ததும் உள்ளே வந்து நோட்டைத் திறந்தேன். பங்குனியிலிருந்து வைகாசி வரை நான் ஆசை ஆசையாக எழுதிய நீலங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தேன். அன்றைக்கு எழுதிய சிவப்புக்குக் கீழே தேதி போட்டு, என் கையெழுத்தையும் போட்டேன்.